இன்றிரவு எங்கே நங்கூரம்?

மலாக்கா நீரிணையில் சிறிய படகில் போகிறவர்களுக்குப் பகல் அவ்வளவு சிரமம் இல்லை. கரை கண்ணுக்குத் தெரியும். கடல் வரைபடமும் இப்போது கைப்பேசியிலேயே வந்துவிட்டது. பொழுது சாய்ந்த பிறகுதான் தலைவலி. விளக்கில்லாத மீன்பிடிப் படகுகள், மிதக்கும் வலைகள், நீண்ட கயிற்றில் பார்ஜை இழுத்துப் போகும் இழுவைப் படகுகள். அதனால் பயணத் திட்டம் என்று நாங்கள் உட்கார்ந்து பேசியதெல்லாம் இரவில் எங்கே தங்குவது என்பதைப் பற்றித்தான்.

கடந்த ஜூன் மாதம், பங்கோரிலிருந்து லங்காவிக்கு 11 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் நால்வர் புறப்பட்டோம். கிள்ளானைச் சேர்ந்த அண்ணன் ஒருவரின் படகு அது. கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய 19 வயது மகள், நான், என் 12 வயது மகன்.

முதல் இரவு பங்கோரில். தெலுக் நிப்பா கடற்கரைக்கு எதிரே நிற்கலாமே என்றேன். வெள்ளை மணல், தெளிந்த நீர், சூரியன் மறையும் காட்சி வேறு.

“அது மேற்கு பார்த்த கரை தம்பி. பகல்ல குளிக்க நல்லா இருக்கும், ராத்திரிக்கு ஆகாது” என்றார் அண்ணன்.

சுமத்ராவை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னார். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்ரா பக்கம் திரளும் இடிமழை மேகங்கள் வரிசையாக நீரிணையைக் கடந்து வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் நம் கரையைத் தொடும். காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வரைகூட வீசும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் மேற்குக் கரையில் நிற்கும் படகைப் பாறையில் தள்ள அந்த நேரம் போதும். ஆகவே தீவின் கிழக்குப் பக்கம் போனோம். ஃபெரி கிளப்பும் அலை, மீன் வாடை. அழகு குறைவுதான். ஆனால் மலை முழுவதும் மேற்கே சுவர்போல நின்றது.

மறுநாள் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவுக்குச் சுமார் 65 கடல் மைல். மணிக்கு ஐந்தரை மைல் வேகத்தில் 12 மணி நேரம். விடியும் முன்பே கிளம்பி, 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தின் அடியில் நுழைந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது.

நங்கூரத்தைத் தூக்கிப் போட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட வேண்டும். ஆழம் 5 மீட்டர். இனி கடல் ஏறப்போவது இரண்டரை மீட்டர். நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர். மொத்தம் எட்டரை. அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும். அண்ணன் மகள் 45 மீட்டர் விட்டாள். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி, நங்கூரம் சேற்றில் பிடித்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்தாள். படகு நகர்ந்தால் ஒலிக்கும் அலாரத்தைக் கைப்பேசியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.

அதிகாலை மூன்றரைக்கு மேற்கே மின்னல். திடீரெனக் குளிர்ந்த காற்று. அடுத்த சில நிமிடங்களில் மழையில் பாலத்தின் விளக்குகளே மறைந்துவிட்டன. படகு சுற்றிக் காற்றை நோக்கி நின்றது, சங்கிலி விறைத்தது. அப்போதுதான் என் மகன் கத்தினான்: “அக்கா, அந்தப் படகு கிட்ட வருது!”

எங்களுக்கு முன்னால் நின்றிருந்த படகின் நங்கூரம் பிடி விட்டிருந்தது. குறுக்காகத் திரும்பி எங்களை நோக்கி நகர்ந்தது. அண்ணன் எஞ்சினை முடுக்கித் தயாராக நின்றார். நானும் அவர் மகளும் ரப்பர் தடுப்புகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டோம். சங்கிலியைக் கழற்றிவிட்டு விலகிவிடலாமா என்று அவள் கேட்டாள். “பொறு” என்றார் அண்ணன். ஒரு பேருந்து நீள இடைவெளியில் அது எங்களைக் கடந்து போனது. அதிலிருந்தவர்கள் பின்னால் தள்ளி மறுபடி நங்கூரமிட்டார்கள். எங்கள் நங்கூரம் அசையவில்லை.

விடிந்ததும் ஜெரெஜாக் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களை நோய்த்தடுப்புக்காகத் தனிமைப்படுத்தி வைத்த இடம் அது. பிறகு சிறைச்சாலையாகவும் இருந்தது. நம்மில் எத்தனை பேரின் கொள்ளுத்தாத்தாக்கள் இந்த மண்ணில்தான் முதலில் கால் வைத்தார்களோ! பினாங்கின் மாலை விளக்குகளை எதிரே பார்த்தபடி, எப்போது விடுவார்கள் என்று காத்திருந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் முழுக்க வலப்பக்கம் ஜெராய் மலை கூடவே வந்தது. ராஜேந்திர சோழனின் படை 1025-இல் தாக்கிய கடாரம் அதன் அடிவாரப் பகுதிதான் என்பார்கள். அன்றைய மாலுமிகளுக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டியது இந்த மலையாகத்தான் இருக்கும். வழியில் பாயார் தீவு கடல் பூங்கா. பவளப்பாறைமேல் நங்கூரம் போடக் கூடாது. அங்கே நிற்காமல் நேரே லங்காவிக்குத் தெற்கே டாயாங் பந்திங் தீவின் சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே போய் ஒதுங்கினோம். நான்கு பக்கமும் பாறைச் சுவர். அன்றிரவு அலாரம் ஒலிக்கவே இல்லை.

குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். சுமத்ரா தொல்லை குறைவு, மேற்குக் கரைக் கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். லங்காவியில் மாலுமியோடு சேர்த்தே படகு வாடகைக்குக் கிடைக்கிறது. விலை பேசும்போதே, இரவு எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.