கண்ணாக வந்த நாய்

நாம் வாழும் நாடுகளின் வீதிகளிலும் பஸ்களிலும் இக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். பார்வையற்ற ஒருவர், அவரது இடது கையில் ஒரு பிடி, அந்தப் பிடி பொருத்திய தோல்வார் அணிந்து முன்னே நடக்கும் ஒரு நாய். நாயைக் கண்டால் விலகி நிற்கும் பழக்கமுள்ள நாம், இந்த நாயின் கதையை அறிந்திருப்பது நல்லது.

கதை போரில்தான் தொடங்குகிறது. முதலாம் உலகப் போரில் குண்டுகளாலும் நச்சுவாயுவாலும் பல யேர்மனியப் படைவீரர்கள் பார்வையிழந்தனர். அவர்களுக்காக வைத்தியர் கெர்ஹார்ட் ஸ்ராலிங் 1916 ஓகஸ்டில் ஒல்டன்பேர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கான உலகின் முதலாவது பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். 1923இல் பொட்ஸ்டாம் நகரிலும் ஒரு பள்ளி தோன்றியது.

சுவிற்சர்லாந்தில் நாய்களைப் பயிற்றுவித்து வந்த அமெரிக்கப் பெண்மணி டொறதி யூஸ்ரிஸ் பொட்ஸ்டாமுக்குச் சென்று பார்த்தார். கண்டு வியந்ததை 1927 நவம்பரில் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் எழுதினார்.

அக்கட்டுரையைத் தந்தை வாசிக்கக் கேட்டவர் நாஷ்வில் நகர இளைஞர் மொறிஸ் ஃபிராங். ஆறு வயதில் ஒரு கண்ணையும் பதினாறு வயதில் மறு கண்ணையும் இழந்தவர். எங்கு செல்வதென்றாலும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது அவரை வாட்டியது. ‘எனக்குப் பயிற்சி தாருங்கள், என்னைப் போன்றவர்களுக்கு நான் இங்கே உதவுவேன்’ என்ற கருத்தில் டொறதிக்குக் கடிதம் எழுதினார். 1928இல் சுவிற்சர்லாந்துக்குப் புறப்பட்டவரைப் பயணம் முழுவதும் ஒரு பொதியைப் போலவே கொண்டு சென்றார்கள்.

திரும்பியபோது ‘பட்டி’ என்ற பெண் நாய் கூடவே வந்தது. நியூயோர்க்கில் பத்திரிகையாளர்கள் பார்த்திருக்க, வாகனங்கள் விரையும் அகன்ற வீதியொன்றை இருவருமாகக் கடந்தார்கள். டொறதிக்கு அவர் அனுப்பிய தந்தியில் இருந்தது ஒரே சொல்: ‘வெற்றி’. 1929இல் அமெரிக்காவின் முதற்பள்ளி உருவானது. 1931இல் பிரித்தானியாவிலும் முதல் நான்கு நாய்கள் பயிற்சியை முடித்தன.

நாய்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று பலர் எண்ணுவர். அப்படியல்ல. போகும் வழியை அறிந்திருப்பவர் மனிதரே. வாகன ஒலியைக் கவனித்து, ‘முன்னே போ’ என்று கட்டளையிடுபவரும் அவரே. ஆனால் வாகனம் நெருங்கினால் நாய் அக்கட்டளைக்குப் பணியாது நிற்கும். தக்க தருணத்தில் கீழ்ப்படியாதிருக்கவும் அதற்குக் கற்பிக்கிறார்கள்.

ஆகவே, தோல்வாருடன் கடமையில் இருக்கும் நாயைத் தடவவோ, கூப்பிடவோ, உணவு கொடுக்கவோ வேண்டாம். அதன் கவனம் சிதறினால் ஆபத்து அவருக்கே. உதவ விரும்பினால் முதலில் அவரிடம் கேளுங்கள். இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.