வகுப்பறை வாசலில் நிற்கும் பெற்றோருக்கு

ஒவ்வோர் ஆண்டும் தரம் ஒன்றின் முதல் வாரத்தில் எங்கள் ஆரம்பப் பிரிவின் ஜன்னல்களில் வெளிச்சத்தைவிடப் பெற்றோரின் முகங்களே அதிகம் தெரியும். உள்ளே அழும் பிள்ளைகள் பத்துப் பேர் என்றால், வெளியே கண்ணைத் துடைக்கும் உம்மாமார் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். முதலில் அழுகையை நிறுத்துவது எப்போதும் பிள்ளைகள்தான்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக மாத்தளை மாவட்டத்தில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு அநேகமாக ஒன்றுதான். வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லிய பதில்களைச் சற்று ஆறுதலாக எழுதிவைக்க எமது சஞ்சிகை இடம் தந்திருக்கிறது. மேல் வகுப்பு மாணவிகளே, இதை நீங்களும் வாசியுங்கள். தம்பி தங்கையின் கையைப் பிடித்துப் பாடசாலைக்கு அழைத்து வருவது பல வீடுகளில் நீங்கள்தான்.

“கொப்பியில் ஒன்றும் இல்லையே, டீச்சர்?”

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. பிள்ளை பாடசாலை போய் ஒரு மாதமாகிறது, கொப்பியில் நாலு கோடும் இரண்டு வட்டமும்தான் இருக்கின்றன, அங்கே என்னதான் நடக்கிறது என்று பெற்றோருக்குக் கவலை. நியாயமான கவலைதான். நாம் படித்த காலத்தில் முதல் நாளே ‘அ’ எழுதினோம்.

இன்றைய ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தரம் 1, 2 முதலாம் நிலை. தரம் 3, 4 இரண்டாம் நிலை. தரம் 5 மூன்றாம் நிலை. 1999ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு இந்த ஒழுங்கு வந்தது. பிள்ளை மூன்று வழிகளில் கற்கிறது: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. முதலாம் நிலையில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் கூடிய இடம். மேலே போகப் போக எழுத்து வேலை கூடும். ஐந்தாம் தரத்தில் அதுவே முதன்மை பெறும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருநாள் பிள்ளைகளிடம் வீட்டுத் தோட்டத்தில் கிடைப்பதைக் கொண்டுவரச் சொன்னேன். மாத்தளைப் பிள்ளைகள் அல்லவா? மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவாப்பட்டை, ஏலக்காய், ஒரு கொக்கோக் காய் எல்லாம் வந்து சேர்ந்தன. கண்ணை மூடி மணந்து பார்த்துப் பெயர் சொன்னார்கள். அது மொழிப்பாடம். மிளகைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணினார்கள். அது கணிதம். எது மரம், எது கொடி என்று பிரித்தார்கள். அது சுற்றாடல் சார்ந்த செயற்பாடு. இவற்றைப் படைத்தவன் யார் என்று பேசினோம். அது சமய பாடம். அன்று கொப்பியில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. ஆனால், நான்கு பாடங்கள் நடந்தன.

ஆகவே பிள்ளை வீடு வந்ததும் “இன்றைக்கு என்ன எழுதினாய்?” என்று கேட்க வேண்டாம். “இன்றைக்கு என்ன செய்தாய்? யாரோடு செய்தாய்?” என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும்.

மணி அடிப்பதற்கு முன்

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. பிள்ளை அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வகுப்புக்கு வந்துவிட்டால் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் பையை அதன் இடத்தில் வைக்கிறது, தண்ணீர்ப் போத்தலை வரிசையில் வைக்கிறது, நண்பியிடம் முதல் நாள் கதையைச் சொல்லி முடிக்கிறது. பிறகு காலைக் கூட்டத்துக்கு மனம் அமைதியாகிவிடும். அவசரமாக ஓடிவரும் பிள்ளைக்கு இந்த ஆறுதல் கிடைப்பதில்லை. மற்றவர்கள் செயற்பாட்டைத் தொடங்கியிருப்பார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் விழித்துக்கொண்டு நிற்கும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த ஆரம்ப காலம். மலையோரத்துச் சிறிய பாடசாலை ஒன்றில் இரண்டாம் தரத்துக்குக் கற்பித்தேன். ஒரு சிறுமி கிழமையில் மூன்று நாளாவது கால் மணித்தியாலம் பிந்தி வருவாள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். நேரந்தவறாமையைப் பழக்க வேண்டும் என்ற எண்ணத்தில், வரவு இடாப்பு வேலை முடியும்வரை அவளை வாசலிலேயே நிறுத்தினேன். கை நீட்டி அடிக்கவில்லை, ஏசவுமில்லை, அதனால் நான் கடுமையாக நடந்ததாக எனக்குத் தோன்றவுமில்லை. ஒருநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது கிழமையில்தான் வீட்டைத் தேடிப் போனேன்.

உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் இருவரும் உம்மும்மாவோடு இருந்தார்கள். அவருக்கு முழங்கால் வருத்தம், இறக்கம் இறங்க முடியாது. தம்பியை முன்பள்ளிக்குக் கூட்டிப்போய், அங்கு கதவு திறக்கும்வரை காத்திருந்து, உள்ளே விட்டுவிட்டுத்தான் இவள் பாடசாலைக்கு வர வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை. “எல்லாருக்கும் முன்னுக்கு நிக்க வெக்கமாம் டீச்சர், அழுதழுது போகமாட்டேங்குது. நானும் உட்டுட்டேன்” என்றார் உம்மும்மா. என்மேல் அவருக்குக் கோபம் கூட இருக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பக்கத்து வீட்டுத் தாய் தன் மகனோடு தம்பியையும் முன்பள்ளிக்கு அழைத்துப் போக ஒத்துக்கொண்டார். ஐந்து நிமிடப் பேச்சில் முடிந்த காரியம். சிறுமி மறுநாளே வந்தாள். ஆனால், அந்த மூன்று கிழமையில் வகுப்பு கற்ற கூட்டெழுத்துச் சொற்களில் அவள் ஆண்டிறுதிவரை தடுமாறினாள்.

பெற்றோரே, வரவு ஏன் முக்கியம் என்று இப்போது விளங்கும். நம் நாட்டில் 5 முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலை செல்வது சட்டப்படி கட்டாயம். சட்டம் ஒருபுறமிருக்க, ஆரம்ப வகுப்பில் ஒரு கிழமை தவறினால் ஒரு படி தவறுகிறது. அடுத்த படி அதன் மேல்தான் இருக்கிறது. அதேவேளை, வீட்டில் சிரமம் இருந்தால் மறைக்காதீர்கள். பிந்தி வருவதற்குக் காரணம் தெரிந்தால் ஆசிரியை வழி தேடலாம். தெரியாவிட்டால் என்னைப் போலத் தவறாக நினைப்பார்.

நோன்பு விடுமுறை முடிந்து வரும் முதல் கிழமையையும் கவனியுங்கள். இரவு நீண்டு காலை பிந்திப் பழகிய பிள்ளைகள் மேசையிலேயே தூங்கிவிடுகிறார்கள். பாடசாலை தொடங்க மூன்று நான்கு நாள் இருக்கும்போதே படுக்கும் நேரத்தைச் சரி செய்துவிடுங்கள்.

பையும் பெட்டியும்

சிறு விடயங்கள் போலத் தோன்றும். ஆனால், வகுப்பறையில் அதிக நேரத்தை விழுங்குவது இவைதான்.

நேரசூசியைப் பார்த்து அன்றைய கொப்பிகளை மட்டும் வையுங்கள். பிள்ளை தானே அடுக்க, நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். பென்சில், இறப்பர், போத்தல், மழைக் கோட் எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே நிறப் போத்தல் ஒன்பது இருக்கும் வகுப்பில் சண்டையைத் தீர்ப்பது இலேசான வேலையல்ல.

சாப்பாட்டுப் பெட்டி பிள்ளையால் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். இடைவேளையில் முப்பது மூடிகளைத் திறந்து கொடுத்துவிட்டு நான் தேநீர் குடிக்கப் போகும்போது மணி அடித்துவிடும். இடியப்பம், ரொட்டி, அவித்த கடலை, பயறு, ஒரு வாழைப்பழம், இவை போதும். பக்கெட் தின்பண்டத்தை ஒருவர் கொண்டுவந்தால் அடுத்த நாள் பத்துப் பேர் வீட்டில் அடம்பிடிப்பார்கள்.

சிறு பெண்பிள்ளைகளின் பர்தாவுக்குக் குண்டூசி வேண்டாம். தலையில் போட்டால் நிற்கும்படி தைத்துக் கொடுங்கள். சப்பாத்தைத் தானே மாட்டவும், மலசலகூடத்துக்குப் போய்க் கை கழுவி வரவும் முதலாம் தரத்துக்கு வருமுன் பழக்கிவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

வீட்டு வேலை யாருடையது?

கொப்பியைத் திறந்ததுமே தெரிந்துவிடும், எழுதியது மகளா உம்மாவா என்று. பிள்ளையின் எழுத்து கோட்டுக்கு மேலும் கீழும் போகும். உம்மாவின் எழுத்து அழகாக இருக்கும். எனக்கு அழகு வேண்டாம், பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று தெரிய வேண்டும். பிழையை நீங்கள் அழித்துத் திருத்திவிட்டால் அந்தத் தகவல் என்னிடம் வந்து சேராது. பதினைந்து இருபது நிமிடம் முயன்றும் முடியவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பக்கத்தின் கீழே “விளங்கவில்லை” என்று எழுதி அனுப்புங்கள். அதுவும் ஒரு விடைதான்.

“எனக்கு அவ்வளவு படிப்பில்லை டீச்சர், எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?” என்று கேட்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. சமைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, “வாசி மகள், கேட்கிறேன்” என்று சொன்னால் போதும். கேட்க ஓர் ஆள் இருக்கிற பிள்ளை வாசிக்கும்.

மாலையில் குர்ஆன் மத்ரசா, அதன் பின் ரியூசன், அதன் பின் வீட்டு வேலை என்று ஏழு வயதுப் பிள்ளையின் நாளை நிரப்பிவிடாதீர்கள். முற்றத்தில் ஓடி விளையாடவும் நேரத்தோடு தூங்கவும் அதற்கு உரிமை இருக்கிறது.

ஐந்தாம் தரம் எங்கே, முதலாம் தரம் எங்கே

புலமைப்பரிசில் பரீட்சை ஐந்தாம் தரத்தில் வருகிறது. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்கவும், திறமையானவர்களுக்குப் பெரிய பாடசாலைகளில் இடம் கொடுக்கவும் ஏற்பட்ட பரீட்சை அது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப மாறும். அதைத் தாண்டாத பிள்ளை தோற்ற பிள்ளை அல்ல. இரண்டாம் தரத்திலேயே மாதிரி வினாத்தாள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் விடையைத் தெரிவு செய்யப் பழகுகிறார்கள், கேள்வி கேட்க மறந்துவிடுகிறார்கள். “அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை புள்ளி?” என்ற ஒரு கேள்வி போதும், பிள்ளைக்குப் பாடசாலை வெறுத்துப்போக.

எங்களோடு பேசுங்கள்

வகுப்பு நடக்கும்போது வாசலில் அழைத்துப் பேசினால் உள்ளே முப்பது பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். பாடசாலை விட்டதும் வாருங்கள், அல்லது கொப்பியில் ஒரு குறிப்பு அனுப்புங்கள். வகுப்புப் பெற்றோர் வட்டக் கூட்டத்துக்கு உம்மாமார் மட்டும் வந்தால் போதாது, வாப்பாமாரும் வாருங்கள். இரு பிள்ளைகளுக்கிடையே சண்டை என்றால் மற்றப் பிள்ளையை நீங்கள் வழிமறித்துக் கேட்காதீர்கள், எங்களிடம் விடுங்கள். வீட்டில் குழப்படி செய்தால் “டீச்சரிடம் சொல்லிக்கொடுப்பேன்” என்று மிரட்டாதீர்கள். பாடசாலையில் பிள்ளையை அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் தடுக்கின்றன. அடிக்காத ஆசிரியையையும் வீட்டில் பூச்சாண்டியாக்கிவிட்டால், பிள்ளை எங்களிடம் மனம் திறக்காது.

அறிஞர் சித்திலெப்பை 1891இல் பக்கத்து ஊரான கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கியபோது, பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்வதே பெரும் வேலையாக இருந்த காலம். 1945இல் கன்னங்கரவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகு சீருடைத் துணியும் வந்தது. இன்று வாசல்வரை பிள்ளையை அனுப்பாத வீடு எங்கள் ஊரில் அரிது. வாசலுக்கு இப்பாலும் அப்பாலும் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதுதான் மீதமுள்ள வேலை.

அந்தச் சிறுமிக்குப் பிறகு, ஒவ்வோர் ஆண்டும் முதல் கிழமையில் நான் நான்கு கேள்விகள் கேட்கிறேன். காலையில் பிள்ளையை எழுப்புவது யார்? கூட்டி வருவது யார்? கூட்டிப் போவது யார்? பிள்ளை வீடு போகும்போது அங்கே யார் இருப்பார்?

நான் கேட்குமுன்னரே, உங்கள் பிள்ளையின் கொப்பியின் முதல் பக்கத்தில் இந்த நான்கு விடைகளையும் எழுதி அனுப்பிவிடுங்கள். விடைகளில் ஏதாவது மாறினால் அதையும் எழுதுங்கள். மீதியை, இன்ஷா அல்லாஹ், நாங்கள் பார்த்துக்கொள்வோம்.