குட்டியின் குடலுக்கும் உறை வேண்டும்

பன்றி வளர்க்கும் எவருக்கும் பழகிய காட்சி இது. தாயிடமிருந்து பிரித்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக் கிடக்கும். அதில் ஒரு குட்டியின் வால் நனைந்திருக்கும். பின்தொடையில் மஞ்சளாகக் கழிச்சல் ஒட்டியிருக்கும். கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள கொல்லிமலையில், குண்டூர் நாட்டின் மார்கழிக் குளிரும் சேர்ந்துகொண்டால் அந்தக் குட்டி தேறுவது கடினம்.

இப்போது தீவனக் கடைகளில் கிடைக்கும் ‘புரோபயாடிக்’ மாவு அதைக் காப்பாற்றுமா?

பால் மறந்ததும் என்ன நடக்கிறது?

தாய்ப்பாலில் உள்ள சர்க்கரையை நல்ல பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன. அந்தப் புளிப்பும், பாலோடு வரும் நோய் எதிர்ப்புப் பொருள்களும்தான் குட்டியின் குடலுக்குக் காவல். பால் நின்ற அன்றே இரண்டும் குறைகின்றன. குட்டியின் இரைப்பைக்கோ போதிய அமிலம் சுரக்கும் வயது இன்னும் வரவில்லை. பசியிலும் பயத்திலும் அது முதல் நாள் சரியாகத் தின்பதில்லை. சத்தை உறிஞ்சும் குடல் விரல்கள் குட்டையாகிவிடுகின்றன. செரிக்காமல் தங்கிய தீவனத்தில் ஈ.கோலை போன்ற கிருமிகள் பெருகிக் கழிச்சலை உண்டாக்குகின்றன.

முன்பு இதற்குத் தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் கலந்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவே, வளர்ச்சிக்காக அப்படிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் தடை செய்தது. கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதை இந்தியா 2019-ல் தடை செய்தது. அந்த இடத்துக்குத்தான் புரோபயாடிக் வருகிறது.

அது எப்படி வேலை செய்கிறது?

லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ், ஈஸ்ட் போன்ற உயிருள்ள நுண்ணுயிரிகள்தான் புரோபயாடிக். இவை குடல் சுவரில் கெட்ட கிருமி ஒட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. குடலைப் புளிப்பாக வைக்கின்றன. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகின்றன. பலன் எல்லாக் கொட்டிலிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எந்த நுண்ணுயிரி, எவ்வளவு, எந்த வயதுக் குட்டி என்பதைப் பொறுத்து மாறும்.

எப்படிக் கொடுப்பது?

கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாது. இங்கும் அதே கணக்குதான். மரவள்ளிக் கிழங்கும் தவிடும் சேர்த்து வேகவைத்த தீவனத்தில் சூட்டோடு மாவைத் தூவினால் நுண்ணுயிரி செத்துவிடும். பேசில்லஸ் வித்துகள் சூட்டை ஓரளவு தாங்கும், மற்றவை தாங்காது. கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புகூட இல்லாமல் ஆறிய பிறகே கலக்க வேண்டும். பொட்டலத்தில் காலாவதி நாளையும், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள நுண்ணுயிரிகள் என்ற எண்ணையும் பாருங்கள். கிலோ தீவனத்துக்குச் சுமார் 100 கோடி என்பது பொதுவான அளவு. பால் மறக்கடிப்பதற்குச் சில நாள் முன்பே தொடங்கி, பிரித்த பின் இரண்டு வாரமாவது விடாமல் கொடுப்பது நல்லது. ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாளில் பலன் குறையும்; பல வகைகளை அந்த மருந்தே கொன்றுவிடும்.

எது அதன் வேலை இல்லை?

குளிரையும் ஈரத்தையும் எந்த மாவும் போக்காது. ஆறு முதல் எட்டு வாரம் வரை தாயோடு விடுவது, புதுத் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குவது, எந்நேரமும் சுத்தமான தண்ணீர் வைப்பது ஆகியவை முதலில் வேண்டும். கழிச்சல் கண்ட குட்டி நீர்ச்சத்து இழந்துதான் சாகிறது. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் உடனே வேண்டும். கடும் காய்ச்சலோ, அடுத்தடுத்துச் சாவோ தெரிந்தால் அது வேறு நோயாக இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மலையடிவாரத்துக்கு அப்பால் நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டாம்.

வால் நனைந்த அந்தக் குட்டியை முதலில் துடைத்து, காய்ந்த வைக்கோலில் படுக்க வையுங்கள். தண்ணீர் குடித்து எழுந்து நிற்கட்டும். மாவு அதற்குப் பிறகு.