காவிப் பல்லுக்கு இங்கிலீஷ்ல என்ன? சரியான வார்த்தையைப் பிடிக்க மூணு கேள்வி

தர்மபுரி மாவட்டத்துல பென்னாகரம், பாலக்கோடு பக்கம் சில பிள்ளைங்க சிரிச்சா முன்பல்லுல வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் தெரியும். பல்லு காவியேறிடுச்சுன்னு சொல்லுவாங்க. பாறைக்குள்ள இருந்து போர் தண்ணியில கரைஞ்சு வர்ற ஃபுளோரைடுதான் காரணம்.

இதை இங்கிலீஷ்ல சொல்லணும்னு வைங்க. நர்சிங் படிக்கற பொண்ணு கேஸ் ஷீட் எழுதணும். பெங்களூருல ஒரு பல் டாக்டர்கிட்ட அம்மா விளக்கணும். என்ன பெயரடை போடுவீங்க?

திரையில்: டர்ட்டி, எல்லோ, ஸ்டெயின்டு, டிகேய்டு.

மனசுல முதல்ல வர்றது இந்த நாலும்தான். ஒவ்வொண்ணா பாப்போம்.

டர்ட்டின்னா அழுக்கு. பிள்ளை பல்லே விளக்கலன்னு பழி போடுற வார்த்தை. எத்தனை தேச்சாலும் இந்தத் திட்டு போகாது, அதனால அந்தப் பழி அநியாயம். எல்லோன்னா மஞ்சள். இங்க வெள்ளையும் பழுப்பும்தான் இருக்கு. ஸ்டெயின்டுன்னா டீ, வெத்தலை, பீடி மாதிரி வெளியில இருந்து வந்து படிஞ்ச கறைன்னு கேக்கறவங்க நினைப்பாங்க. டிகேய்டுன்னா சொத்தை. அது வேற நோய், அதுக்கு வேற வைத்தியம்.

இங்க பொருந்துற வார்த்தை மாட்டில்டு. ஒரே நிறமா இல்லாம திட்டுத் திட்டா நிறம் மாறிக் கிடக்கறதுக்கு அந்தப் பேரு. இலைக்கும் சொல்லுவாங்க, தோலுக்கும் சொல்லுவாங்க. யார் மேலயும் பழி போடாம, கண்ணு பாத்ததை அப்படியே சொல்ற வார்த்தை.

இந்த வார்த்தை பல் மருத்துவத்துக்குள்ள வந்த கதையைக் கேளுங்க. 1901-ல் ஃபிரெடெரிக் மெக்கே அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பல் டாக்டரா போனார். அங்கயும் பிள்ளைங்களுக்கு இதே பழுப்புப் பல். ஊர்க்காரங்க வெச்ச பேரு கொலராடோ பிரவுன் ஸ்டெயின், அதாவது கறை. பன்னிக்கறி அதிகம் தின்னதாலன்னு சிலர், பால் சரியில்லன்னு சிலர். 1909-ல் ஜி. வி. பிளாக்ங்கற பெரிய நிபுணர் மெக்கேயோட சேர்ந்தார். ஆராய்ஞ்சு பாத்தா, கறை வெளியில இருந்து ஒட்டினது இல்ல. பல்லு உருவாகும்போதே எனாமல் பழுதா அமைஞ்சிருந்துது. அவங்க ஆய்வு 1916-ல் வெளியானப்போ தலைப்புலயே மாட்டில்டு டீத்னு போட்டாங்க. இன்னொரு விஷயம், அந்தப் பல்லுல சொத்தை ரொம்பக் குறைவுன்னும் மெக்கே கவனிச்சார். டிகேய்டுன்னு எழுதியிருந்தா உண்மைக்கு நேர் எதிரா போயிருக்கும். தண்ணியில இருக்கற ஃபுளோரைடுதான் காரணம்னு 1931-ல் ஹெச். வி. சர்ச்சில்ங்கற வேதியியலாளர் கண்டுபிடிச்சார். நம்ம பக்கம், அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்துல, இந்த நோய் 1937-ல் பதிவாச்சு.

இதுல இருந்து மூணு கேள்வி எடுத்துக்கலாம். எந்தப் பெயரடையைத் தேடினாலும் இதைக் கேளுங்க.

முதல் கேள்வி: குறை எங்க இருக்கு? மேல ஒட்டியிருக்கா, உள்ளயே அமைஞ்சதா?

ரெண்டாவது: இந்த வார்த்தை யாரைப் பொறுப்பாக்குது? அது நியாயமா?

மூணாவது: பக்கத்துல வர்ற பெயர்ச்சொல்லோட இது சேருமா?

இப்போ தண்ணிக்குப் போட்டுப் பாருங்க. டர்ட்டி வாட்டர்னு எழுதினா கலங்கின தண்ணின்னு அர்த்தம். ஃபுளோரைடு தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாவே இருக்கும். பொல்யூட்டட்னு எழுதினா ஆலைக்கழிவோ சாக்கடையோ கலந்துதுன்னு நினைப்பாங்க, மனுசன் செஞ்ச கேடு. இங்க பாறை குடுத்தது. ஹார்டு வாட்டர்னா கால்சியம், மெக்னீசியம் அதிகமான தண்ணி. சோப்பு நுரைக்காதே, அது. அப்போ ஹை ஃபுளோரைடு வாட்டர்னு நேரா எழுதுங்க. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட அளவு. சோதனை முடிவு கையில இருந்தா அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்க.

வார்த்தை தப்பினா வைத்தியமும் தப்பும். டர்ட்டின்னு கேட்டவர் காய்ச்சிக் குடிங்கன்னுதான் சொல்லுவார். காய்ச்சினா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த அதோட செறிவு கூடத்தான் செய்யும்.

மூணாவது கேள்விக்கு ஒரு உதாரணம். ஃபுளோரைடால வர்ற இந்த நோய்க்குப் பேரு ஃபுளோரோசிஸ். அது ரொம்ப அதிகம்னு சொல்ல ஹெவி ஃபுளோரோசிஸ்னு எழுதத் தோணும். ஹெவி மழைக்குச் சேரும், டிராபிக்குக்குச் சேரும். நோய்க்குச் சேர்றது சிவியர். இந்த நோயை ஆராய்ஞ்ச பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன் 1942-ல் திருத்திக் குடுத்த அளவுகோலே பெயரடைகளாலதான் ஆனது: நார்மல், கொஸ்டினபிள், வெரி மைல்டு, மைல்டு, மாடரேட், சிவியர். பல்லுல கால் பங்குக்குள்ள வெள்ளைத் திட்டு இருந்தா வெரி மைல்டு, பாதிக்குள்ள இருந்தா மைல்டு. குழி விழுந்து அரிச்சிருந்தா சிவியர். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எல்லை உண்டு.

எப்படித் தேடறது? தெரிஞ்ச ஒரு வார்த்தையில ஆரம்பிங்க. தெசாரஸ் அதுக்குப் பக்கத்து வார்த்தைகளை வரிசையா காட்டும். அதுல ஒண்ணை எடுத்து அப்படியே ஒட்டிடாதீங்க. மாணவர்களுக்கான அகராதியில எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிங்க, எந்தப் பெயர்ச்சொல்லோட வருதுன்னு பாருங்க. ஏ. எஸ். ஹார்ன்பி 1942-ல் டோக்கியோவுல வெளியிட்ட அகராதி நம்மள மாதிரி இங்கிலீஷை வெளியில இருந்து கத்துக்கறவங்களுக்காகவே செஞ்சது. அதுதான் பின்னால ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரியா வளந்துது.

பேர்லயே சரியான வார்த்தை வந்ததுக்கு ஒரு உதாரணம், தர்மபுரி பக்கத்துக்குக் குடிதண்ணி கொண்டு வர்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அதுக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினாங்க, 2013-ல் தொடங்கி வெச்சாங்க. அதோட இங்கிலீஷ் பேர்ல ஃபுளோரோசிஸ் மிட்டிகேஷன்னு வரும். மிட்டிகேஷன்னா தணிக்கறது. நல்ல தண்ணி வந்தா இனிமே உருவாகுற பல்லு தப்பிக்கும். ஏற்கெனவே காவியேறின பல்லு வெறும் தண்ணியால மாறாது. கியூர்னு எழுதியிருந்தா செய்ய முடியாததை வாக்குக் குடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

இப்போ அந்த அம்மாவோட வாக்கியத்தை எழுதிடலாம். மை டாட்டர்ஸ் ஃபிரண்ட் டீத் ஆர் மாட்டில்டு. வீ டிரிங்க் போர்வெல் வாட்டர். ரெண்டே வரி. டாக்டர் அடுத்து கேக்கப் போறது பிள்ளை பல் விளக்குதான்னு இருக்காது, எந்த ஊர்த் தண்ணி, எத்தனை வயசுல இருந்து குடிக்குதுன்னு இருக்கும். நீங்க தேடிட்டு இருக்கற தமிழ்ச் சொல்லைக் கமெண்ட்ல எழுதுங்க, எந்த இடத்துல யார்கிட்ட சொல்லணும்ங்கறதையும் சேர்த்து எழுதுங்க. அது தெரிஞ்சாதான் சரியான வார்த்தையைச் சொல்ல முடியும்.