வயிறு முழுக்க கட்டி, ஆனா கேன்சர் இல்ல

ராயப்பன்பட்டியில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. அவங்க அம்மாவுக்குச் சில வருஷம் முன்னாடி லேப்ராஸ்கோப்பில கர்ப்பப்பைக் கட்டியை எடுத்திருக்காங்க. இப்போ ஸ்கேன்ல வயித்துக்குள்ள அங்கங்கே கட்டிகள். பரவிடுச்சு, கேன்சர்தான்னு வீட்டுல யாருக்கும் சோறே இறங்கலையாம்.

நான் டாக்டர் இல்ல, கோடு எழுதுறவன். அவங்களுக்கு என்னன்னு பயாப்ஸிதான் சொல்லணும். ஆனா பரவினது எல்லாமே கேன்சர் இல்ல. டிஸ்ஸெமினேட்டட் பெரிட்டோனியல் லியோமயோமடோசிஸ்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா டிபிஎல். ஃபைப்ராய்டுல இருக்குற அதே மென்தசை, வயித்தோட உள்சவ்வு மேல முடிச்சு முடிச்சா வளரும். 1952ல வில்சன், பீல்னு ரெண்டு பேர் இதை முதல்ல எழுதினாங்க. ரொம்ப அபூர்வம். வயித்தைத் திறந்து பார்க்குற சர்ஜனுக்கே கேன்சர் மாதிரிதான் தெரியும். மைக்ரோஸ்கோப்ல பார்த்தா, சாதுவான தசை செல்கள்.

ஏன் வருது? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இதுக்குத் தீனி. அதனால கர்ப்ப காலத்துல, கருத்தடை மாத்திரை எடுக்குறவங்ககிட்ட பார்த்திருக்காங்க. மாதவிடாய் நின்னதும் தானா சுருங்குறதும் உண்டு.

இன்னொரு வழிதான் இந்த அம்மா விஷயத்துல யோசிக்க வைக்குது. பெரிய கட்டியைச் சின்னத் துளை வழியா எடுக்கணும்னா துண்டு போடணும். அதுக்கு மார்சலேட்டர்னு ஒரு சுழலும் கத்தி. கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சைக்கு யாரும் விதை போடுறதில்ல, குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடிச்சிடும். உள்ளே சிதறின கட்டித் துணுக்கும் அப்படித்தான், சவ்வுல ஒட்டி ரத்த ஓட்டம் பிடிச்சுக்கும். வருஷங்கள் கழிச்சுதான் தெரியவரும்.

2014ல அமெரிக்காவோட எஃப்டிஏ இந்தக் கருவி பத்தி எச்சரிச்சுது. ஃபைப்ராய்டுன்னு ஆபரேஷன் பண்ற சுமார் 350 பேர்ல ஒருத்தருக்கு உள்ளே கேன்சர் ஒளிஞ்சிருக்கலாம், அது சிதறிடும்ங்கிறதுதான் அவங்க முக்கியக் கவலை. இப்போ கட்டியை ஒரு பைக்குள்ள போட்டுத் துண்டாக்கச் சொல்றாங்க. லேப்ராஸ்கோப்பே வேணாம்னு முடிவு பண்ணிடாதீங்க, பை இருக்கான்னு கேளுங்க, போதும்.

தம்பி, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, அப்போ எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட் ரெண்டையும் தேடி எடுங்க. க.விலக்குல இருக்குற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் சரி, மதுரைக்குப் போனாலும் சரி, டாக்டர்கிட்ட முதல்லயே அதைக் காட்டுங்க. அப்போ கட்டியைத் துண்டு போட்டு எடுத்தாங்களான்னு அவங்களுக்குத் தெரியணும். டிபிஎல்னு உறுதியானா, தொந்தரவு இல்லாதவங்களுக்குக் கண்காணிப்பு மட்டுமே போதும்னு சொல்லலாம், இல்லன்னா ஹார்மோனைக் குறைக்குற மருந்து, ஆபரேஷன். அபூர்வமா கேன்சரா மாறினதும் பதிவாகியிருக்கு. அதனால ஃபாலோ அப் ஸ்கேனை மட்டும் விட்டுடாதீங்க.