நாம் எறிந்த ஊசி

சென்னை மாநகரம் நாள்தோறும் கழித்துத் தள்ளும் ஏறக்குறைய 5,000 டன் குப்பை, தெருத்தொட்டியை விட்டுக் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போய்ச் சேருமுன்பும், அங்கே மலையாகக் குவிந்த பின்பும், அதனுள்ளிருந்து பாட்டில், அட்டை, தகரம், செம்புக் கம்பி என விலைபோகக் கூடியவற்றையெல்லாம் தேடியெடுத்து, கோணியில் சுமந்து, காயலான் கடையில் எடைபோட்டு விற்று, அந்த வருமானத்தில் ஜீவனம் நடத்துகிற ஆண்களும் பெண்களும் அநேகர். அவர்கள் பிரித்தெடுக்கும் ஒவ்வொரு கிலோவும் குப்பைமேட்டில் புதைந்து போகாமல் தொழிற்சாலைக்குத் திரும்பிச் சென்று மறுபடியும் உபயோகப்படு பொருளாகிறது என்பதையும், இந்த உபகாரத்துக்காக ஊரார் அவர்களுக்கு ஒரு காசும் சம்பளமாகத் தருவதில்லை என்பதையும் முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால்தான், இனி நான் சொல்லப்போவதைத் தான தருமமாக எண்ணாமல், நாம் திருப்பித் தரவேண்டிய கடனாக எண்ண முடியும்.

கண்ணாடிச் சில்லும் துருப்பிடித்த தகரமும் உண்டாக்குகிற காயம் கண்ணுக்குத் தெரிகிறது. கட்டுப் போடத் தோன்றுகிறது. ஊசி குத்திய இடமோ ஒரு துளி இரத்தத்தைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. குத்துப்பட்டவர் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு, சுண்ணாம்பையோ மஞ்சளையோ தடவிக்கொண்டு மறுபடியும் வேலையில் குனிந்துவிடுகிறார். கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் கிருமிகளுள் மிகவும் அஞ்சத்தக்க இரண்டு, அந்த அற்பக் காயத்தின் வழியாகவே தேகத்துக்குள் நுழையக்கூடியவை.

ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் ஐந்து. ஏ, ஈ என்னும் இரண்டும் மலத்தால் அசுத்தமான நீராலும், உணவாலும், கழுவாத கையாலும் வாய்வழியே பற்றுகின்றன. பி, சி இரண்டும் முக்கியமாக இரத்தத்தின் வழியே பரவுகின்றன. டி என்பது பி இருக்கிற தேகத்தில் மட்டும் குடிபுகுவது. குப்பையில் உழைப்பவருக்கு இவ்விரு வழிகளிலும் அபாயம் உண்டு. குழந்தைகளின் மலம் தோய்ந்த துணியையும் அழுகிய சோற்றையும் அளைந்த கையைக் கழுவிக்கொள்ள ஒரு குழாய் கூட இல்லாத இடத்தில் மத்தியான உணவை உண்பவரிடம், சுகாதாரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் நியாயம் இல்லை. அவருக்கு முதலில் வேண்டியது குழாயும் சோப்பும். ஈ வகையைச் சாதாரணக் காமாலை என்று அசட்டை செய்வதும் தகாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது தொற்றினால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை மாண்டுபோகக் கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். குப்பை பிரிக்கும் வேலையிலோ பெண்கள் ஏராளம்.

இனி ஊசியின் விஷயத்துக்கு வருவோம். பி வைரஸ் தேகத்துக்கு வெளியே, காய்ந்துபோன இரத்தக் கறையிலும்கூட, குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கவல்லது. சி வைரஸ் சிரிஞ்சின் உள்ளே தங்கிய இரத்தத்தில் 63 நாள் வரை உயிர்ப்போடு இருந்ததாக ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. நோயுள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால், பி தொற்றுவதற்கு நூற்றுக்கு 6 முதல் 30 வரை வாய்ப்புண்டு, சி தொற்றுவதற்கு ஏறக்குறைய 2, எச்.ஐ.வி. தொற்றுவதற்கு ஆயிரத்தில் மூன்றே. எச்.ஐ.வி.யை எண்ணி ஜனங்கள் நடுங்குவதில் பத்தில் ஒரு பங்கு கவலையைக்கூட, அதைக் காட்டிலும் பன்மடங்கு எளிதாகத் தொற்றுகிற பி வைரஸின்பால் காட்டுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

இந்த ஊசிகள் எங்கிருந்து வருகின்றன? ஆஸ்பத்திரிகள் ஊசியை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவான ஏற்பாடு செய்திருக்கின்றன: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்து, ஊசி முதலான கூர்மையான பொருள்களைத் துளைபடாத வெள்ளைக் கலத்தில் இட வேண்டும், மருத்துவக் கழிவை ஊர்க்குப்பையோடு கலக்கவே கூடாது. விதி இருந்தும், தெருமுனைக் கிளினிக்குகள் சிலவற்றின் சிரிஞ்சும் டிரிப்ஸ் குழாயும் வாழைப்பழத் தோலோடு சேர்ந்து தொட்டிக்கு வருவதைக் குப்பை பிரிக்கும் எவரும் அறிவார். மற்றொரு வழி நம் வீடுகளிலிருந்தே தொடங்குகிறது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணித்தது. அவர்களுள் இன்சுலின் போட்டுக்கொள்வோரில் பலர் வீட்டிலேயே போட்டுக்கொண்டு, அந்த ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைப் பையில் போட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. அதை இன்னொரு கை திறக்கப் போகிறது என்ற நினைவும் இல்லை.

எறிந்த ஊசி குப்பையோடு அழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள், குஜராத் மாநிலத்தின் மோடாசா நகரில் 2009-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அறிய வேண்டும். அங்கே சில மாதங்களுக்குள் ஹெபடைட்டிஸ் பி பரவி 125-க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. அவர்களில் பலர் உயிரிழந்தனர். ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவர்களுக்கும் உபயோகித்த குற்றத்துக்காக மருத்துவர்கள் கைதானதோடு, மறுவிற்பனைக்காகச் சேர்த்து வைத்திருந்த பழைய சிரிஞ்சுகளின் கிடங்குகளும் பிடிபட்டன. குப்பையிலிருந்து ஊசியை எடுத்தவருக்கு மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கிய அபாயம், ஊர் முழுவதும் சுற்றிவிட்டு, மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டவரின் கைக்கே வந்து சேர்ந்தது.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. பி வைரஸ் உட்புகுந்து அறிகுறி காட்டுவதற்கு ஒன்றரை மாதத்திலிருந்து ஐந்து மாதம் வரை ஆகலாம். பலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. கண் மஞ்சளிக்காமலும் பசி மந்திக்காமலும் இருபது முப்பது வருஷங்கள் உள்ளேயே தங்கி, கல்லீரல் சுருங்கி இறுகிய பிறகோ, புற்று பிடித்த பிறகோ அது தன்னை வெளிப்படுத்துகிறது; அந்த நிலையில் எந்த வருஷத்து எந்த ஊசி என்று யாரால் சொல்ல முடியும்? உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் 2.98 கோடி, சி உள்ளவர்கள் 55 லட்சம். குழந்தைகளுக்கான பி தடுப்பூசி 2011-ஆம் ஆண்டை ஒட்டித்தான் நாடெங்கும் விரிந்தது; ஆகையால் இன்று கோணி தூக்குகிற வயது வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதுகாப்பு இல்லாமலே வளர்ந்தவர்கள்.

ஆகவே ஊசி குத்தினால் செய்ய வேண்டியதை விவரமாகச் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் தெருவில் குப்பை சேகரிக்க வருகிறவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்தால் பெரும் பிரயோஜனம் உண்டு. குத்திய இடத்தைப் பிதுக்கவோ, உறிஞ்சவோ, அறுக்கவோ கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அன்றைக்கே, கூலி போனாலும் சரி, அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், குப்பையில் கிடந்த ஊசி குத்தியது என்று சொல்ல வேண்டும். பி தடுப்பூசியின் முதல் தவணையையும், மருத்துவர் அவசியம் என்று கருதினால் ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொள்வதே உத்தமம். நாள் கடந்தால் பலன் குறைந்துகொண்டே போகும். எச்.ஐ.வி.க்கான தற்காப்பு மருந்து தேவைப்படுமானால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். டெட்டனஸ் ஊசியும் வேண்டும். சி வைரஸுக்குத் தடுப்பூசி இன்னும் இல்லையாதலால், அன்று ஒரு முறையும் பின்னர் மருத்துவர் குறிக்கும் நாள்களிலும் இரத்தம் சோதித்துக்கொள்வதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

கீழாநெல்லியைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்; ஏனெனில் நம் ஊரில் காமாலை என்றதும் கால்கள் தாமாகவே அந்தப் பச்சிலைக்காரரின் வாசலை நோக்கி நடக்கின்றன. சென்னையில் எஸ். பி. தியாகராஜன் முதலிய ஆய்வாளர்கள், பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி இனத்துச் செடி ஒன்றை நோயாளிகளிடம் பரீட்சித்து, நல்ல பலன் கண்டதாக 1988-ஆம் ஆண்டு லான்செட் இதழில் எழுதினார்கள். பிற இடங்களில் பின்னால் நடந்த பரீட்சைகள் அந்தப் பலனை உறுதி செய்யவில்லை. நம்முடைய மூலிகையை விஞ்ஞானம் திரும்பியே பார்க்கவில்லை என்று குறைகூற இடமில்லை. சிரத்தையோடு பார்த்தது, நம்பும்படியான பலன் கிட்டவில்லை. ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே தணிவதால் இலைச்சாற்றுக்குக் கிடைக்கிற புகழ், பி, சி உள்ளவர்களுக்குப் பரிசோதனை தள்ளிப்போவதற்கே காரணமாகிறது.

தள்ளிப்போடக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், இன்று மருந்து இருப்பதுதான். சி வகையை, பெரும்பாலும் 12 வார மாத்திரைகளால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அடியோடு குணப்படுத்த முடிகிறது. பி வகையை முற்றிலும் அகற்றுவது அரிதென்றாலும், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளால் கல்லீரல் கெடாமல் அடக்கிவைக்க முடிகிறது. தாய்க்குப் பி இருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு அதைக் காக்கவும் முடிகிறது. 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 104 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

இந்தச் சிகிச்சையைக் குப்பை பிரிப்பவர்கள் உரிமையோடு கேட்கலாமா என்று ஐயுறுபவர்களுக்கு விடை இது. அவசர நிலையில் வந்தவருக்கு அரசு ஆஸ்பத்திரி தக்க சமயத்தில் சிகிச்சை தராமல் திருப்பி அனுப்புவது, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-ஆம் ஆண்டு மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்சட்டை அழுக்காக இருப்பது அந்த உரிமையைக் குறைத்துவிடாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், குப்பை பொறுக்குவோரின் அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், குப்பையைக் கையாளும் பணியாளருக்குக் கையுறை, காலணி, முகக்கவசம், மழைச்சட்டை தரப்பட வேண்டும் என்றும் கூறின. ஒப்பந்ததாரரிடம் கூலிக்கு வேலை செய்பவருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு: தொற்று அபாயம் பிரத்தியேகமாக உள்ள தொழிலில் பற்றிய தொற்றுநோயை, 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகச் சேர்த்திருந்தது, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அத்தகைய அட்டவணையைக் கொண்டிருக்கிறது. ஊசி குத்திய நாளில் ஆஸ்பத்திரியில் வாங்கும் சீட்டே பிற்காலத்தில் சாட்சியாக நிற்குமாதலால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 முதல் குப்பை பொறுக்குவோரும் சேர்க்கப்பட்டு, அடையாள அட்டைக்கும் பாதுகாப்பு உபகரணங்களுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் வழி பிறந்திருக்கிறது. பெயர் பதிவாகாதவரைத் தேடிப்போய்ப் பதிய வேண்டியது நகராட்சியின் பொறுப்பு.

ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி இருப்பதாக நான் கருதுகிறேன். மருத்துவக் கழிவைக் கையாளும் ஆஸ்பத்திரி ஊழியருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவதை 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் நிர்வாகத்தின் கடமையாக்கின. அதே ஊசி ஆஸ்பத்திரியின் மதிலைத் தாண்டித் தெருத்தொட்டிக்கு வந்தவுடன், அதை வெறுங்கையால் தொடுகிறவருக்குத் தடுப்பூசி போடுவது யாருடைய கடமையும் இல்லாமல் போகிறது. இதற்குச் செலவைக் காரணம் காட்டுவது பொருந்தாது. உலகமெங்கும் குழந்தைகளுக்குப் போடப்படுகிற மலிவான தடுப்பூசி அது. பல இடங்களில் முகாம் நடத்தி இரத்தம் மட்டும் சோதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தடுப்பூசியும் சிகிச்சையும் தொடராத சோதனை, நோயுள்ளவரின் பெயரை மேஸ்திரிக்குத் தெரிவித்து அவர் வேலையைப் பறிக்கவே உதவும். சோதனை முடிவு அவரவருக்கே உரியது. பி, சி வகைகள் சேர்ந்து உண்பதாலோ, தொட்டுப் பேசுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பரவுவதில்லையாதலால், நோயுள்ளவரை வேலையிலிருந்து நீக்கவும் வீட்டில் ஒதுக்கி வைக்கவும் முகாந்தரமே கிடையாது.

வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டியது சிறிது. இன்சுலின் ஊசியையும், சர்க்கரை சோதிக்கும் லான்செட்டையும், சவரப் பிளேடையும் மூடி திருகக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் மூடி ஒட்டி, மேலே ‘ஊசி’ என்று பெரிதாக எழுதி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரின் கையில் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மெல்லிய ரப்பர் உறையைக் கூர்மையான ஊசி எளிதில் துளைத்துவிடும் என்பதால், கையுறை அணிந்திருக்கிறாரே என்று நாம் அசட்டையாக இருப்பதற்கில்லை.

தடுப்பூசியின் தவணைகள் மூன்று: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. பிழைப்பு தேடி இடம் மாறுகிறவர்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் தவறிப்போவது சகஜம். அவ்வாறு தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட தவணையைப் போட்டுக்கொண்டால் போதும். ஆதலால் எந்த வார்டில் முதல் தவணை போட்டாலும், வேறெந்த வார்டின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மீதியைப் பெறத்தக்க ஒரு சிறு அட்டையை மாநகராட்சி அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள் தெருவுக்கு வந்துவிடுகிறவர்களுக்கு அந்த ஊசியைப் போடும் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிவைக்கவும் வேண்டும்.