பழைய கணனிகளும் எமது பழைய எழுத்துக்களும்

மார்கழிக் குளிரில், ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில், விடுதி மண்டபமொன்றில் ஒரு கூட்டம் கூடுகிறது. மேசைகளிலே பரப்பி வைக்கப்பட்டிருப்பவை நாற்பது ஆண்டுகள் பழைமையான கணனிகள். 'கொமடோர் உலகம்' என்று அதற்குப் பெயர். 1983 இல் பெரும் வணிகக் கண்காட்சியாகத் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2004 இல் ஆர்வலர்களின் ஒன்றுகூடலாக மீண்டும் ஆரம்பித்தது. நடத்துவோர் 1970களின் இறுதியில் இந்நகரில் உருவான 'பெற்' கணனிப் பாவனையாளர் சங்கத்தினர்.

கைத்தொலைபேசிக்குள் உலகம் அடங்கிவிட்ட காலத்தில் இது என்ன வீண்வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

கொமடோர் நிறுவனத்தின் கதையோடு தொடங்குவது பொருத்தம். அதனை நிறுவிய ஜக் ட்ரமியல் 1928 இல் போலந்தின் வூட்ஜ் நகரில் பிறந்த யூதர். அந்நகரின் சேரியில் அடைபட்டு, ஒஷ்விற்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1945 இல் அமெரிக்கப் படையினரால் விடுவிக்கப்பட்டவர். 1947 இல் அமெரிக்கா வந்து, அங்கே இராணுவத்தில் இருந்தபோது தட்டச்சு இயந்திரம் திருத்தும் வேலையைப் பழகினார். அதுவே பின்னர் அவருக்குச் சோறு போட்டது. நியூயோர்க்கில் திருத்தும் கடையொன்றை நடத்தியவர், 1955 இல் ரொறன்ரோவுக்கு வந்து கொமடோர் என்ற பெயரில் தொழில் தொடங்கினார். செக்கோஸ்லோவாக்கியத் தட்டச்சு இயந்திரங்களின் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பொருத்தி விற்பதே முதல் வியாபாரம். தட்டச்சிலிருந்து கணக்குப்பொறி, அதிலிருந்து கணனி என்று அது வளர்ந்தது. 1977 இல் 'பெற்', 1982 இல் 'கொமடோர் 64'. பின்னது ஒரு கோடிக்கு மேல் விற்பனையானது. ட்ரமியலைப் புனிதராக்க நாம் முயலவில்லை. 1960களில் கனடாவை உலுக்கிய அத்லாந்திக் அக்செப்ரன்ஸ் நிதி நிறுவன வீழ்ச்சியின் விசாரணையில் கொமடோரின் பெயரும் அடிபட்டது. 1984 இல் அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். 1994 இல் நிறுவனமே முறிந்தது. ஆயினும், அகதியாக வந்த ஒருவர் கைத்தொழிலொன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்த கதை எம்மவருக்கு அந்நியமானதன்று.

இதற்கும் முன்னதாக, 1973 செப்டெம்பர் 25 ஆம் நாள், எம்.சி.எம். 70 என்னும் கணனி ரொறன்ரோவில் அறிமுகமானது. தனியொருவர் மேசையில் வைத்துப் பயன்படுத்தக்கூடியதாக, நுண்செயலி கொண்டு உருவான உலகின் முதற் கணனிகளுள் அதுவும் ஒன்று. மேர்ஸ் குற் என்பவரின் முயற்சி அது. யோர்க் பல்கலைக்கழகத்தின் கணனி அருங்காட்சியகம் அந்த வரலாற்றைப் பேணி வருகிறது.

இனி ஆர்வலர்கள் செய்யும் வேலைக்கு வருவோம். பழைய கணனியை நிலவறையிலிருந்து எடுத்தவுடன் மின்னிணைப்புக் கொடுப்பவன் அதைக் கொன்றுவிடுவான் என்பது அவர்களின் முதற் பாடம். கொமடோர் 64 இன் மின்வழங்கிப் பெட்டி முதுமையடைந்தால் ஐந்து வோல்ற்றுக்குப் பதிலாகக் கூடுதல் அழுத்தத்தை அனுப்பி, உள்ளிருக்கும் நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். ஆகவே முதலில் அந்தப் பெட்டியை அளந்து பார்க்கிறார்கள். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த மக்கின்ரோஷ் கணனிகளில் வேறொரு நோய்: சுற்றுப்பலகையில் ஒட்டிய சிறிய கப்பாசிற்றர்கள் கசிந்து, செப்புக் கோடுகளை அரித்துவிடும். கடிகாரத்தை ஓட்டும் சிறு பற்றறி வெடித்தால் பலகையே போய்விடும். கசிவைக் கழுவி, பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றை ஒட்டி, அறுந்த கோட்டுக்கு மெல்லிய கம்பி இழுத்து, பிறகே உயிர் கொடுக்கிறார்கள். மஞ்சளான மேலுறையை ஐதரசன் பரவொட்சைட்டு பூசி வெயிலில் வைத்து வெளுப்பாக்கும் வித்தையும் உண்டு. அது வெறும் அழகுக்கு. எமக்கு அதில் அக்கறையில்லை.

எமது அக்கறை வேறு. புலம்பெயர்ந்த தமிழரின் சிறுசஞ்சிகைகள், ஊர்ச்சங்க மலர்கள், தமிழ்ப்பள்ளிப் பாடநூல்கள், துண்டுப்பிரசுரங்கள் பலவும் 1980களின் பிற்பகுதியிலிருந்து இத்தகைய கணனிகளிலேயே அச்சுக்கோக்கப்பட்டன. கனடாவிலிருந்து ஸ்ரீனிவாசன் ஆக்கிய 'ஆதமி', சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் ஆக்கிய 'மயிலை', ஈழத்தமிழர் எல்லோரும் கைபழகிய 'பாமினி' என்று மென்பொருள்களும் எழுத்துருக்களும் பல. ஒவ்வொன்றும் தன் போக்கில் எழுத்துக்களுக்கு இலக்கமிட்டது. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கணனி சேமிப்பது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளை. எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் காண்பது அந்தக் குப்பையை மட்டுமே. பாமினிக்கு மாற்றிகள் உண்டு. பெயர் மறந்துபோன எழுத்துருவுக்கு அந்தப் பழைய கணனியே சாட்சி.

பிளொப்பி வட்டுகளின் சிக்கல் இன்னொன்று. பழைய மக்கின்ரோஷின் எண்ணூறு கிலோபைற்று வட்டு, பார்வைக்கு மற்றைய மூன்றரை அங்குல வட்டுப் போன்றதே. ஆனால் அதை எழுதிய இயந்திரம், வட்டின் உட்பகுதிக்கு ஒரு வேகமும் வெளிப்பகுதிக்கு ஒரு வேகமுமாகச் சுழற்றி எழுதியது. இன்று கடையில் வாங்கும் வாசிப்பான் அதை வெற்று வட்டு என்று எண்ணி, 'அழித்துப் புதிதாக்கவா?' என்று கேட்கும். ஆம் என்று சொன்னால் கதை முடிந்தது. இதற்கும் வழி கண்டவர்கள் இந்த ஆர்வலர்களே. காந்தப் படலத்தின் மாற்றங்களை அப்படியே பதிவுசெய்யும் 'கிறீஸ்வீசல்' போன்ற சிறு பலகைகளை அவர்கள் ஆக்கி, செய்முறையையும் பகிர்ந்திருக்கிறார்கள்.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைச் சொல்லிச் சொல்லி ஆற்றாத சமூகம் நாம். நூலகம் நிறுவனம் 2005 முதல் எமது அச்சு நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. அச்சேறியது எங்கோ ஒரு பிரதியிலாவது எஞ்சும். அச்சேறாதது வட்டிலேயே கிடந்து, வீடு மாறும்போது குப்பைக்குப் போகிறது. அதைத் தீ வைத்து எவரும் எரிக்கவில்லை. நாமே தூக்கிப் போடுகிறோம்.

ஸ்காபரோவில் எமது நண்பர் ஒருவர், தமது மறைந்த தமையனார் நடத்திய சிற்றிதழின் வட்டுகள் பதினொன்றைச் சப்பாத்துப் பெட்டியொன்றில் வைத்திருந்தார். கூடவே ஒரு மக்கின்ரோஷ். ஆர்வலர் ஒருவரின் உதவியோடு பலகையைத் திருத்தப் பல வார இறுதிகள் சென்றன. ஏழு வட்டுகள் திறந்தன, நான்கில் பூஞ்சணம். திறந்தவற்றில் பெரும்பாலானவை ஏற்கனவே அச்சில் வந்த கட்டுரைகளும் கவிதைகளும். ஒன்றில் மட்டும் ஒரு பட்டியல்: இதழில் எழுதியோரின் புனைபெயர், அதற்கு எதிரே உண்மைப் பெயர்.

அந்நாளில் ஏன் புனைபெயரில் எழுதினார்கள் என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எந்தக் கவிதை எவருடையது என்று தெரியாமல் ஆய்வாளர்கள் இன்றும் தடுமாறுகிறார்கள். இந்தப் பட்டியல் அவர்களுக்குப் பெரும் பேறு. ஆனால் அதில் உள்ள இருவர் இன்னமும் ஊரில் வாழ்கிறார்கள். ஒருவருக்கு நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார். மற்றவரின் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறார். பதில் வரும்வரை, வட்டின் படியெதையும் எவருக்கும் கொடுப்பதில்லை என்று எம்மிடமும் சொல்லிவிட்டார்.